மௌக்லியின் வாயை யாரும் திருடவில்லை

கேள்வி: தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் வந்த 'ஜங்கிள் புக்' கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவன் நான். போன வருடம் ஒரு ஏலத் தளம் வழியாக ஜப்பானிலிருந்து அந்தத் தொடரின் மூன்று ஒரிஜினல் செல் ஓவியங்களை, அதாவது கார்ட்டூன் எடுக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டில் கையால் தீட்டிய படங்களை, வரவழைத்தேன். ஒன்றில் மௌக்லிக்கு வாயே இல்லை. இன்னொன்றின் பின்னால் பென்சிலில் வரைந்த தாள் ஒன்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. மூன்றாவதை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டினேன், இப்போது கிட்டே போனாலே புளிப்பு வாடை. இந்தப் பொருள் தீப்பிடிக்கும் என்று ஆபீஸ் நண்பர் வேறு பயமுறுத்துகிறார். நான் ஏமாந்துவிட்டேனா? அடுத்து ஒரு 'டாம் அண்ட் ஜெர்ரி' செல் விலைக்கு வருகிறது, முதலீடாக வாங்கலாமா? அம்மா, "பிளாஸ்டிக் பேப்பருக்கா இவ்வளவு காசு" என்று தினமும் கேட்கிறார்.
– வாசகர், மடிப்பாக்கம்

வணக்கம். நீங்கள் ஏமாறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் செல்லைப் பற்றிய கவலையைவிட அம்மாவிடம் மாட்டிக்கொண்ட கவலைதான் அதிகம் தெரிகிறது. ஆனால் மற்றதைப் படிக்கும் முன் எழுந்து போய் ஹாலில் மாட்டியிருப்பதைக் கழற்றுங்கள். மற்ற இரண்டும் இல்லாத வேறொரு அறையில், வெயில் படாத இடத்தில், படுக்கை வாட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஃப்ரேமை நீங்களே பிரிக்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வைத்தாயிற்றா? சரி.

அந்த வாடையை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். ஃப்ரைட் ரைஸ் கடை மேசையில் பச்சைமிளகாய் ஊறுகிற வினிகர் பாட்டில் இருக்குமே, மூடியைத் திறந்ததும் சுருக்கென்று மூக்கில் ஏறுமே, அதுதானே? அதே என்றால் அது அழுக்கு வாடையும் இல்லை, பூஞ்சணமும் இல்லை, நிஜமாகவே வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலம்தான். உங்கள் செல் ஷீட் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. சூடும் ஈரமும் சேர்ந்து கிடைத்தால் அந்தப் பிளாஸ்டிக் மெதுவாகப் பிரிந்து அமிலத்தை வெளியே விடும். வெளியே வந்த அமிலம் போக வழியில்லாமல் அங்கேயே தங்கினால், மிச்சம் இருக்கிற பிளாஸ்டிக்கையும் அதுவே பிரிக்கத் தொடங்கும், அதிலிருந்து இன்னும் அமிலம் வரும், அப்படியே வேகம் பிடித்துக்கொண்டே போகும். கூடையில் ஒரு தக்காளி அழுகினால் பக்கத்துத் தக்காளியும் போகிற மாதிரி, ஒரு செல்லிலிருந்து வருகிற ஆவி பக்கத்தில் இருக்கிற நல்ல செல்லையும் கெடுக்கும். அதனால்தான் வேறு அறைக்கு அனுப்பினேன். பழைய சினிமா பிலிமுக்கும் இதே நோய் உண்டு, காப்பகக்காரர்கள் இதை வினிகர் சிண்ட்ரோம் என்பார்கள். வந்த நோயைத் திருப்ப முடியாது. தள்ளிப்போடலாம், அதுவும் நன்றாகவே தள்ளிப்போடலாம்.

தீப்பிடிக்கிற விஷயம். உங்கள் நண்பர் சொன்னது பாதி உண்மை. 1914-ல் அமெரிக்காவில் ஏர்ல் ஹர்ட் இந்த செல் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த காலத்திலிருந்து சில பத்தாண்டுகள் வரை புழங்கியது செல்லுலோஸ் நைட்ரேட், அது நிஜமாகவே பற்றிக்கொண்டு எரியும். அப்புறம் அசிட்டேட்டுக்கு மாறிவிட்டார்கள். உங்கள் 'ஜங்கிள் புக்' நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989-90-ல் எடுத்த 52 பாகத் தொடர், அதில் நைட்ரேட்டுக்கு வேலையே இல்லை. நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்த வாய்.

எனக்கு முதல் தொழில் தஞ்சாவூர் ஓவியமும் கண்ணாடி ஓவியமும் பழைய காகிதமும் பழுது பார்ப்பது. கார்ட்டூன் செல் என் மேசைக்கு வந்ததே பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்புதான். "சார், ஒரு செல் ரிப்பேர் பண்ணணும்" என்று ஒருவர் போனில் சொன்னபோது, ராங் நம்பர், செல்போன் ரிப்பேருக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் விடாமல் நேரில் வந்து உறையைப் பிரித்துக் காட்டினார். பார்த்ததும் ஒன்று பிடிபட்டது, இது எனக்குத் தெரிந்த வேலையின் சித்தப்பா பையன். செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடிக்குப் பின்பக்கம் வரைந்த கிருஷ்ணர் படம் மாட்டியிருப்பார்களே, அதில் கோட்டை முதலில் போட்டுவிட்டு அதன்மேல் நிறத்தைப் பின்னாலிருந்து நிரப்புவார்கள், நாம் முன்னாலிருந்து பார்ப்போம். செல்லிலும் நிறம் பின்பக்கம்தான், கோடு மட்டும் பொதுவாக முன்பக்கம். முன்னாலிருந்து பார்த்தால் மௌக்லியின் உடம்பு அச்சடித்த மாதிரி வழுவழு என்று இருக்கும். திருப்பிப் பாருங்கள், பின்னால் ஒவ்வொரு நிறமும் தனித்தனித் திட்டாக, வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்த்த மாதிரி மேடும் பள்ளமுமாக, ஒன்றின் ஓரம் இன்னொன்றின்மேல் ஏறி நிற்கும். தூரிகை எடுத்த ஒரு மனிதக் கை அங்கேதான் தெரியும். எனக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் எப்போதும் பிடிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சினிமா பிலிம் நொடிக்கு 24 பிரேம். ஒரு பாகம் 22 நிமிடம் என்றால் 31,680 பிரேம். வாரம் ஒரு பாகம் காட்ட வேண்டிய டிவி கம்பெனி அத்தனைக்கும் தனித்தனியாக வரைந்தால் கடையை மூடவேண்டியதுதான். அதனால் ஒரே படத்தை இரண்டு மூன்று பிரேமுக்கு நிறுத்துவார்கள். அதோடு, பேசும்போது உடம்பு ஆட வேண்டியதில்லையே. உடம்பும் தலையும் ஒரு ஷீட்டில், வாய் மட்டும் அதன்மேல் வைக்கிற இன்னொரு ஷீட்டில். மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுசாகத் திறந்த வாய் என்று மூன்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வைத்துப் படம் பிடித்தால் மௌக்லி பேசிவிடுவான். அமெரிக்காவில் ஹன்னா-பார்பெரா கம்பெனி யோகி கரடிக்குக் கழுத்தில் ஒரு காலர் மாட்டியதும் இதற்குத்தான். தலையைத் தனி செல்லில் வைத்து ஆட்டினால் உடம்போடு சேருகிற இடம் காலரில் மறைந்துவிடும். அதெல்லாம் அழகுக்காகப் போட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே உங்கள் செல்லின் வாயை யாரும் திருடவில்லை. அது வேறொரு ஷீட்டில் இருந்தது, அந்த ஷீட் ஜப்பானில் யாருடைய உறையிலோ, நடுவில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வாய் மட்டும் வரைந்த நிலையில் இருக்கலாம். உங்கள் செல்லின் மூலையில் பாருங்கள், 'ஏ' அல்லது 'பி' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து எந்த அடுக்கு என்பதைச் சொல்லும், எண் வரிசையில் எத்தனையாவது என்பதை. விளிம்பில் துளைகளும் இருக்க வேண்டும். கேமராவுக்குக் கீழே ஒவ்வொரு ஷீட்டும் அசையாமல் அதே இடத்தில் உட்காருவதற்காக முளைகளில் மாட்டுகிற துளைகள் அவை. பின்னால் கைப்பூச்சு, மூலையில் எண், விளிம்பில் துளை, அங்கங்கே கீறல், எல்லாம் இருந்தால் நான் நம்புவேன். வாயில்லாத மௌக்லியை ஒருவன் மெனக்கெட்டுப் போலியாகச் செய்ய மாட்டான் என்பதும் ஒரு சாட்சிதான்.

ஒட்டிக்கொண்ட தாள். அதைத் தொடாதீர்கள். அந்தப் பென்சில் படத்தை வைத்துத்தான் செல்லின் கோடு போடப்பட்டது, அதுவும் ஒரிஜினல்தான். வேலை முடிந்ததும் செல்லையும் தாளையும் சேர்த்தே கட்டி அடுக்கிவிடுவார்கள், நிறம் முழுசாகக் காயாமலோ பின்னால் ஈரத்தில் இளகியோ தாளைப் பிடித்துக்கொள்ளும். ஜப்பான் செல்களில் இது மிக சாதாரணம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் வருடத்தில் இப்படி ஒன்று வந்தபோது, தஞ்சாவூர் படத்தின் பழைய அட்டையையே பிரிக்கிறவன், இது என்ன பெரிய விஷயம் என்ற திமிரில் ஒரு மூலையைத் தூக்கினேன். சத்தமே இல்லாமல் வந்தது. வந்த தாளில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்பு நிறமும் சேர்ந்து வந்திருந்தது, செல்லில் வரைந்திருந்த கரடியின் தொடையில் ஓர் ஓட்டை, அதன் வழியாக என் மேசை தெரிந்தது. சொந்தக்காரரிடம் போன் பண்ணிச் சொன்ன அந்த ஐந்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும், ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். முன்னாலிருந்து பார்க்கும்போது தாள் தெரியவா போகிறது? யூடியூபில் ஹேர் டிரையர் வைத்துப் பிரித்துக் காட்டுகிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி, மடிப்பாக்கம். ஏரியை ஒட்டிய பகுதி, நீங்கள் எந்தத் தளத்தில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. தரைத்தளம் என்றால் 2015 டிசம்பரை நினைவில் வைத்துக்கொண்டு தரையிலிருந்து நான்கடிக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். ஈரக்காற்றோடு மல்லுக்கட்டுவது இந்த ஊருக்குப் புதிதில்லை, எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகளைக் காப்பாற்ற 1930-லேயே ஒரு ரசாயனக் கூடம் தொடங்கியிருக்கிறார்கள். சிலைக்கே அந்தப் பாடு என்றால் பிளாஸ்டிக் ஷீட் எம்மாத்திரம். கத்திரி வெயிலில் பூட்டிய அறையின் சூடு, ஐப்பசியில் சுவரெல்லாம் வியர்க்கிற ஈரம், இரண்டுமே செல்லுக்கு எமன். அதைவிடக் கெடுதல் இரவு ஏசி, பகலில் நிறுத்தம் என்ற நம் நடுத்தர வர்க்கப் பழக்கம், ஏனென்றால் ஷீட்டும் அதன்மேல் இருக்கிற பூச்சும் ஒரே அளவில் சுருங்கி விரிவதில்லை. தினமும் இப்படி ஏறி இறங்கினால் பூச்சு வெடிக்கும், செதிலாகத் தூக்கிக்கொள்ளும். ஏசி அறையில் வைப்பதைவிட, வீட்டிலேயே வெப்பம் அதிகம் ஏறி இறங்காத இடம் எதுவோ, வெயில் அடிக்காத உள்சுவரை ஒட்டிய மர அலமாரி மாதிரி, அங்கே வைப்பது மேல்.

ஃப்ரேம் போட்டவர் என்ன செய்திருப்பார் என்று பார்க்காமலே என்னால் சொல்ல முடியும், கல்யாணப் போட்டோவுக்கும் சாமி படத்துக்கும் செய்வதைத்தான் செய்திருப்பார், அவர்மேல் தப்பில்லை. பின்னால் ஹார்டுபோர்டு, முன்னால் செல்லை அழுத்திக்கொண்டு கண்ணாடி, நகராமல் இருக்க நாலு மூலையிலும் செல்லோடேப், சுற்றிலும் காற்றுப் புகாமல் பழுப்புத் தாள். ஹார்டுபோர்டே அமிலம் விடும். கண்ணாடியில் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கிற செல் ஈரத்தில் அதோடு ஒட்டிக்கொள்ளும். காற்றுப் புகாத அடைப்பில் வினிகர் ஆவி வெளியே போகாமல் சுற்றிச் சுற்றி வரும். டேப்பைப் பிரிக்கும்போது கோடோ பூச்சோ சேர்ந்து வரலாம். இதற்காகத்தான் நீங்களே பிரிக்க வேண்டாம் என்றேன்.

பிரித்த பிறகு மூன்றையும் எப்படி வைப்பது? ஒவ்வொன்றையும் அமிலமில்லாத தாளுக்கு நடுவில் வைத்து, அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்து அடுக்காதீர்கள், கீழே இருப்பதன் பூச்சு நசுங்கித் தாளில் பதியும். சாக்லெட் டப்பா மாதிரி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, பிவிசி ஃபைல் உறை, லேமினேஷன், மூன்றும் கூடாது. செல் கொஞ்சம் மூச்சு விட வேண்டும். வாடை வருகிறதைத் தனிப் பெட்டியில் வைத்து, ஆவியை உறிஞ்சுவதற்கு ஜியோலைட் என்ற கனிமப் பொட்டலம் போடலாம். பீரோவில் பட்டுப்புடவையோடு வைத்துவிட்டு மேலே பாச்சை உருண்டை போடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், அந்த ஆவி பிளாஸ்டிக்குக்கும் பூச்சுக்கும் ஆகாது. ஈரம் உறிஞ்சுகிற சிலிகா ஜெல்லை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். லாஸ் ஏஞ்சலீஸில் கெட்டி கன்சர்வேஷன் இன்ஸ்டிடியூட்டும் டிஸ்னியின் அனிமேஷன் ரிசர்ச் லைப்ரரியும் சேர்ந்து செல்களைப் பல வருடம் ஆராய்ந்தபோது, தூக்கிக்கொண்ட பூச்சைக் கட்டுப்படுத்திய ஈரத்தில் வைத்தால் மறுபடி படிகிறது என்று கண்டார்கள். அதாவது பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், ஷீட்டுக்கு ஈரம் ஆகாது. மாமியார், மருமகள் இருவருக்கும் ஒரே சமயத்தில் நல்லவனாக இருக்கிற பாடுதான். ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும், சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கூடாது. வெளியே எடுத்ததும் வியர்க்கும்.

வாடை தெரியாத மற்ற இரண்டும் உண்மையிலேயே நலமா என்று பார்க்க ஏ-டி ஸ்ட்ரிப் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இருக்கும் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் பிலிம் காப்பகங்களுக்காக உருவாக்கிய சின்னக் காகிதத் துண்டு. செல்லோடு மூடிய உறையில் ஒரு நாள் வைத்தால், நீலமாகவே இருந்தால் கவலையில்லை, பச்சையானால் நோய் தொடங்கிவிட்டது, மஞ்சளானால் முற்றிவிட்டது. நம் மூக்குக்கு எட்டும் முன்பே அதற்குத் தெரிந்துவிடும்.

ஹாலில் என்ன மாட்டுவது? நல்ல கேமராவில் படம் எடுத்து, அதே அளவில் பிரிண்ட் போட்டு மாட்டுங்கள். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் நான் என் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன். வருகிறவர்களுக்கு வித்தியாசமே தெரிவதில்லை, தெரிந்துகொள்ளக்கூடியவர் வந்தால் பெட்டியைத் திறந்து பின்பக்கத்தைக் காட்டுகிறேன்.

டாம் அண்ட் ஜெர்ரி விஷயத்துக்கு வருவோம். நீங்களும் நானும் சிரித்த அந்தப் பழைய படங்கள் 1940 முதல் 1958 வரை எம்.ஜி.எம். கம்பெனிக்காக ஹன்னாவும் பார்பெராவும் தியேட்டருக்கு எடுத்தவை. அந்தக் கால செல் வெளியே வருவது அபூர்வம், வந்தால் விலை நமக்கானதில்லை. உங்களுக்கு வந்திருப்பது அநேகமாக டிவிக்காகப் பின்னால் எடுத்ததாக இருக்கும். ஜெர்ரியின் கழுத்தைப் பாருங்கள். சிவப்பு போ டை இருந்தால் அது 1975-லோ அதற்குப் பிறகோ எடுத்த டிவி தொடர். 1980-ல் ஃபில்மேஷன் கம்பெனியும் ஒன்று எடுத்தது. எல்லாமே ஒரிஜினல்தான், பொய் இல்லை, ஆனால் எம்.ஜி.எம். விலை கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். '250-ல் 37' என்கிற மாதிரி எண் போட்டிருந்தால், அது விற்பதற்கென்றே செய்த பிரதி, கேமராவுக்குக் கீழே போனதே இல்லை. 'செரிசெல்' என்றிருந்தால் கையால்கூட வரைந்ததில்லை, ஸ்கிரீன் பிரிண்டிங், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே முறை. பின்னணி ஓவியத்தோடு வருகிறது என்று சொன்னால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கலர் ஜெராக்ஸ். ஒரே பின்னணியில் நூறு செல் ஓடியிருக்கும், எல்லாருக்கும் ஒரிஜினல் பின்னணி எங்கிருந்து வரும்? 'சோட்டா பீம் ஒரிஜினல் செல்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடலாம், அது 2008-ல் கம்ப்யூட்டரில் பிறந்த பிள்ளை. அமெரிக்காவின் 'சிம்ப்சன்ஸ்' தொடர் 2002 வரை செல்லில் ஓடியது, ஜப்பானில் 'சசாயே-சான்' தொடர் மட்டும் 2013 வரை பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனது.

முதலீடா? இது மனைக்கட்டு இல்லை. வருடா வருடம் புளிக்கிற பொருளை, நம் வானிலையில் வைத்துக்கொண்டு, விற்கலாம் என்றால் வாங்க ஆள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருக்கிற நிலையில், கூரியர், கஸ்டம்ஸ் செலவெல்லாம் கழித்துக் கணக்குப் பார்த்தால் எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. பிடித்திருந்தால் வாங்குங்கள். மௌக்லியை வாங்கும்போது நீங்கள் விற்கிற விலையை நினைத்தா வாங்கினீர்கள்? இந்தி ஒரு வார்த்தை புரியாமல் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்த தலைமுறைதானே நீங்களும்.

அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாயில்லாத மௌக்லியை ஒரு முறை திருப்பி, பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுங்கள். கோலத்துக்குக் கலர்ப்பொடி நிரப்பியவர்களுக்கு அது என்ன வேலை என்று உடனே தெரியும்.

ஃப்ரேமைப் பிரிக்க, காகிதமும் ஓவியமும் பழுது பார்க்கிற யாரிடமாவது கொண்டுபோங்கள். நண்பகலில் கிளம்பாதீர்கள். காரில் வைத்துவிட்டு நடுவில் எங்கும் காபிக்கு இறங்காதீர்கள், பூட்டிய கார் பத்து நிமிடத்தில் இட்லிப் பானை ஆகிவிடும். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், கண்ணாடிப் பக்கம் மேலே இருக்கும்படி மடியில் படுக்க வைத்துக்கொண்டு.